எழுத்துத் தராசும் பெரிய சிஸ்டரும்

ஐம்பத்தெட்டு வயது ஆண்மகன் ஒருவரை, முறுக்கிய மீசையும் மூன்று டாக்டர் பட்டங்களும் உள்ளவரை, கத்தி எடுக்காமல், மயக்க மருந்து கொடுக்காமல், ஒரு துணுக்குப் பஞ்சுகூடச் செலவழிக்காமல், ஒன்றே முக்கால் நிமிடத்தில் இருபத்தைந்து வயதுப் பெண்ணாக மாற்றிய நர்ஸ் உலகத்திலேயே ஒருத்திதான். ஐந்தாம் வார்டு பெரிய சிஸ்டர். மாற்றியதோடு விட்டாளா என்றால் இல்லை. "ஆமாம், நான் அதுதான்" என்று அவர் வாயாலேயே சபை நடுவே ஒப்புக்கொள்ளவும் வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் இதை நம்பினார்கள். துடைப்பக்காரம்மா நம்பினாள், எக்ஸ்ரேக்காரர் நம்பினார், எதையும் இரண்டு முறை கேட்கும் காது டாக்டர்கூட ஒரே முறையில் நம்பினார். மருந்து ஜன்னலில் உட்காரும் கம்பவுண்டர் மட்டும் தலையை ஆட்டவில்லை.

"சிஸ்டர், நீங்க பொய் சொல்ல மாட்டீங்க, ஒத்துக்கறேன். ஆனா சீட்டு இல்லாம நான் தலைவலி மாத்திரையே குடுத்ததில்ல. இத மட்டும் எப்படி வாங்கி வாயில போட்டுக்கிறது?"

கம்பவுண்டர் அப்படித்தான். அவருடைய கல்யாணத்தையே பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் நம்பினார் என்று பேச்சு.

நடந்தது இதுதான்.

நர்ஸ் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை வேலை ஒன்று காலியாக இருந்தது. பெரிய சிஸ்டர் இருபத்திரண்டு வருடமாகக் கண் வைத்திருந்த நாற்காலி அது. அதற்கு ஒரு பட்டம் வேண்டும். நாற்பத்தாறு வயதில் மாலைக் கல்லூரியில் சேர்ந்து, ஊசி போடும் கையால் நோட்ஸ் எழுதி, ஒன்று விடாமல் எல்லாத் தாளும் தேறிவிட்டாள். கடைசியாக ஆங்கிலக் கட்டுரைத் தாள். "என்னால் மறக்க முடியாத நாள்" என்பது தலைப்பு. மாதக் கடைசிக்குள் முடிவு வந்தால் நாற்காலி அவளுக்கு. வராவிட்டால், அவளிடமே ஊசி போடக் கற்றுக்கொண்ட இன்னொருத்திக்கு.

பெரிய சிஸ்டர் பேருந்து விபத்து நடந்த நாளைப் பற்றி எழுதினாள். வார்டு ரிப்போர்ட் புத்தகத்தில் இருபத்திரண்டு வருடமாக எப்படி எழுதுவாளோ அப்படியே எழுதினாள். அந்தப் புத்தகத்தில் "எனக்குத் தோன்றியது" என்று எழுதினால் அடுத்த ஷிஃப்ட்காரி அடிக்க வருவாள். கண்ணால் பார்த்தது, கையால் செய்தது, எத்தனை, எத்தனை மணிக்கு. அவ்வளவுதான். "பதினொரு பேர் வந்தார்கள். கட்டில்கள் ஆறு. ஐந்து பேரைத் தரையில் கிடத்தினேன். ரத்தம் வரும் இடத்தை முதலில் அழுத்தினேன். ஒன்பது பேர் பிழைத்தார்கள். இரண்டு பேரின் கண்களை மூடினேன். கை கழுவினேன்." கட்டுரை இந்த வேகத்தில் ஒன்றரைப் பக்கம் போய் நின்றது.

முடிவுக்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது. அனுப்பியது, மாணவர் ஆங்கில எழுத்தில் ஆண் பெண் வேறுபாடு அறியும் உயர் ஆய்வு மையம். பெயர்ப் பலகை ஒரு சுவர் போதாமல் மூலையில் திரும்பி அடுத்த சுவருக்கும் போயிருக்கும். ஜனங்கள் வாய் வலிக்காமல் 'தராசு ஆபீஸ்' என்பார்கள். பல்கலைக்கழகத்தில் யார் ஆங்கிலத்தில் எழுதினாலும், எழுதியது ஆணா பெண்ணா என்று அங்கே உள்ள எழுத்துத் தராசு நிறுத்துச் சொல்லும். எழுத்தும் ஆளும் ஒத்துப்போகாவிட்டால் வேறு யாரோ எழுதிக் கொடுத்தது என்று அர்த்தம்.

கடிதத்தில் நாலே வரி, கீழே இயக்குநரின் கையெழுத்து. "இக்கட்டுரையை எழுதியவர் ஆண். வயது நாற்பத்திரண்டு. முன்னாள் ராணுவத்தினராக இருக்கலாம். அவரைப் பதினைந்து நாளுக்குள் ஒப்படைக்கவும்."

வீட்டில் இருந்த ஒரே ஆண் அவள் புருஷன். தையல்காரர். ராணுவத்துக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம், ஒரு முறை ஒரு காவலாளிக்குக் காக்கிச் சட்டை தைத்ததோடு சரி.

"என்னங்க, நீங்க எழுதிக் குடுத்தீங்களான்னு கேக்குறாங்க."

"நானா? அந்த விபத்தை நீ சொன்னப்பவே மூணு நாள் சோறு இறங்கல எனக்கு. நான் எழுதினா ரெண்டாவது வரியிலேயே அழுது பேப்பர் நனைஞ்சிருக்கும்மா." சொல்லும்போதே மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்ப எதுக்கு அழுறீங்க?"

"உன்ன ஆம்பளன்னுட்டாங்களே!"

மறுநாள் இருவரும் தராசு ஆபீசுக்குப் போனார்கள். காத்திருக்கும் அறை, நம் புறநோயாளிப் பிரிவைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பெஞ்சு முழுக்கப் பாதிக்கப்பட்டவர்கள். அம்மாவுக்கு மூன்று இடத்தில் நன்றி எழுதியதால் பெண் என்று தீர்ப்பாகி, அன்று சாயங்காலமே ஆண்கள் விடுதியிலிருந்து பெட்டியோடு வெளியே தள்ளப்பட்ட ஒரு குண்டன். 'ஆகவே' என்ற சொல்லை ஏழு முறை போட்டதால் ஆணாகி, கூடைப்பந்து மகளிர் அணியிலிருந்து நீக்கப்பட்ட ஒருத்தி. ஒரே கட்டுரையின் முதல் பக்கம் ஆண், இரண்டாம் பக்கம் பெண் என்று முடிவு வந்து, நடுப்பக்கத்தில் தனக்கு என்ன நேர்ந்தது என்று விளக்கம் எழுத வந்திருந்த ஒரு கண்ணாடிக்காரன்.

ஆபீசின் கண்காணிப்பாளர் கையில் முத்திரையும் மடியில் விதிப் புத்தகமுமாக உட்கார்ந்திருந்தார். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் பாவம் பிடிக்கும். புத்தகத்தில் இருப்பதைச் செய்வார். இல்லாததைச் செய்ய மாட்டார். தும்மல் வந்தால்கூடப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் தும்முவார்.

"உங்க மாணவர் கார்டைக் குடுங்க... ம். மாத்தியாச்சு. ஆண், நாப்பத்திரண்டு."

"எப்பங்க மாத்தினீங்க?"

"தராசு சொன்ன அன்னிக்கே. எங்க முடிவு நேரா எல்லா ரிஜிஸ்தர்லயும் ஏறிடும். நூலகம், விடுதி, மருத்துவ அட்டை, எல்லாம். தாமதமே கிடையாது." அதில் அவருக்கு அடக்கமாட்டாத பெருமை.

"எனக்குக் கல்யாண வயசுல பொண்ணு இருக்கு சார். நான் பெத்தது."

"அது ஆஸ்பத்திரி ரிஜிஸ்தர். இது எங்க ரிஜிஸ்தர்."

உள்ளே இயக்குநர். மேஜைக்குப் பின்னால் கண்ணாடிப் பேழை, அதற்குள் பட்டுத் துணிமேல் அவருடைய ஆங்கில நூல். அந்த நூலிலிருந்துதான் தராசே பிறந்தது.

"உக்காருங்க. நாலாயிரம் மாணவர்களோட எழுத்தை எண்ணியிருக்கோம். பொண்ணுங்க எழுத்துல நூறு வார்த்தைக்கு மூணு இடத்துல 'ஒருவேளை' வரும். ரெண்டு இடத்துல 'மன்னிக்கவும்' வரும். நாலு இடத்துல மனசு வரும். ஆம்பளைங்க எழுத்துல எண்ணிக்கை வரும், கட்டளை வரும், வாக்கியம் சட்டுனு முடியும். உங்க கட்டுரையில பதினொரு பேர் அடிபட்டுக் கிடக்கிறாங்க. ஒரு மன்னிப்பு கூட இல்லையே!"

"நான் எதுக்கு சார் மன்னிப்புக் கேக்கணும்? பஸ்ஸை நானா ஓட்டினேன்?"

"பாத்தீங்களா? ஆம்பள மாதிரியே பேசுறீங்க."

"ரத்தம் ஓடும்போது மனசைப் பத்தி எழுத எங்க சார் நேரம்?"

"அம்மா, நான் பெண்கள் மேல ரொம்ப மரியாதை வெச்சிருக்கறவன். அவங்க எப்படி எழுதுவாங்கன்னு அவங்களை ஒரு வார்த்தை கேக்காமலே கண்டுபிடிச்சிருக்கேன். அவங்களுக்குத் தொந்தரவே குடுக்கலயே! இதைவிட மரியாதை வேற யார் குடுப்பா? சரி, ஒண்ணு செய்யலாம். உங்க வீட்டுக்காரர் ஒரு பக்கம் எழுதட்டும். நிறுத்துப் பாத்துடலாம்."

தையல்காரர் தனக்குத் தெரிந்த பள்ளிக்கூட ஆங்கிலத்தில், தன் கத்தரிக்கோலைப் பற்றி எழுதினார். அன்பான கத்தரிக்கோலே, ஒருவேளை நீ களைத்திருக்கலாம், நேற்று கெட்டித் துணி வெட்ட வைத்ததற்கு மன்னித்துவிடு என்று.

பக்கத்து மண்டபத்தில் தராசு இருந்தது. குளிர்சாதனப் பெட்டி அளவுக்குக் கண்ணாடிக் கூடு, வெல்வெட் போர்வை, உச்சியில் பித்தளை மணி. போர்வையை எடுக்கும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். மணி ஒரு முறை அடித்தால் ஆண், இரண்டு முறை அடித்தால் பெண். பெண்ணுக்கு ஏன் இரண்டு என்று யாரோ கேட்டபோது, "ஒரு தடவை சொன்னதோட அவங்க விடறதில்லையே" என்று இயக்குநர் விளக்கியது கையேட்டின் நாலாம் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது.

மணி இரண்டு முறை அடித்தது. பெண். முப்பது முதல் முப்பத்தைந்து. மணமாகாதவர். பூனை வளர்க்கலாம்.

தையல்காரர் மேலும் கீழும் தன்னைப் பார்த்துக்கொண்டார். கண்காணிப்பாளர் முத்திரை குத்தினார். இயக்குநர் இரு கைகளையும் விரித்தார்.

"இதுல உங்களுக்கு என்ன கஷ்டம்? வீட்டுல ஒரு ஆண், ஒரு பெண். முன்ன எப்படியோ அப்படியேதான் இருக்கு. எங்க ஆய்வு எந்தக் குடும்பத்தையும் குலைச்சதில்ல. ஆனா உங்க கட்டுரையை எழுதின அந்த ராணுவக்காரர் யாருன்னு மட்டும் இன்னும் தெரியல. அவர் கிடைக்கிற வரைக்கும் முடிவு கிடையாது."

"நான்தான் சார் எழுதினேன்."

"நீங்களா இருந்தா ஒரு துளி கண்ணீராவது இருந்திருக்கும்." மீசையைத் தடவிக்கொண்டார். "அந்த ரெண்டு பேர் செத்தது நிஜமாவே உங்க கண் முன்னாலதானா? எனக்கு அதுவே சந்தேகமா இருக்கு."

இங்கேதான் அவர் கெட்டார். கார்டை மாற்றியதைப் பெரிய சிஸ்டர் பொறுத்துக்கொண்டிருப்பாள். புருஷனைப் பூனை வளர்க்கும் கன்னிப்பெண்ணாக்கியதைக்கூடச் சிரித்துத் தள்ளியிருப்பாள். அந்த இரண்டு பேரில் ஒருத்தி, கடைசிவரை அவள் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது கட்டுரையில் இல்லை. ரிப்போர்ட் புத்தகத்திலும் இல்லை. யாருக்கும் சொன்னதில்லை. பெரிய சிஸ்டர் எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு வெளியே வந்தாள். அவள் சத்தமில்லாமல் நாற்காலி தள்ளினால் ஐந்தாம் வார்டில் டாக்டர்களே வேறு வழியாகப் போவார்கள்.

நடையில் தராசுக்குத் தாள் ஊட்டும் ஆய்வு உதவியாளர் நின்றிருந்தாள். முப்பதைத் தாண்டிய பெண். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுப்பு. பெரிய சிஸ்டர் கேட்காமலே அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தாள்.

"ரத்தமே இல்லையேம்மா உனக்கு. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடறியா?"

"மறந்துடறேன் சிஸ்டர்."

"இங்க எத்தனை வருஷம்?"

"ஏழு."

"என்ன வேலை?"

"அவர் பேசுவார். நான் எழுதுவேன்."

"அந்தக் கண்ணாடிப் பெட்டியில இருக்கற புத்தகமும் நீ எழுதினதுதானா?"

உதவியாளர் இரண்டு பக்கமும் பார்த்தாள். "அட்டையில அவர் பேரை மட்டும் அவரே எழுதினார். மத்ததெல்லாம் நான் மாணவியா இருந்தப்ப எழுதிக் குடுத்தது. அப்ப எனக்கு இருபத்தஞ்சு வயசு."

"அதை யாரும் தராசுல வெச்சுப் பாக்கலயா?"

"யாரும் மனு குடுக்கலயே சிஸ்டர். குடுத்தா வெச்சே ஆகணும். மனுவோட இணைச்சு வர்ற எந்த ஆங்கில எழுத்தையும் சபை முன்னால நிறுக்கணும்னு விதி இருக்கு. பதினேழாவது விதி. அதை எழுதினதும் நான்தான்."

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"ஆனா ஆகட்டும். இப்ப மட்டும் இந்த ஆபீசுல நான் இருக்கேனா என்ன?"

பெரிய சிஸ்டர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து மனு எழுதினாள். "என் கட்டுரையைச் சோதித்த முறை சரியா என்று அறிய வேண்டும். இத்துடன் ஒரு நூலின் முதல் அத்தியாயம் இணைத்துள்ளேன். நிறுக்கவும்." நூலகத்தில் அந்த நூலின் பிரதிகள் கட்டுக்கட்டாகத் தூசி தின்றுகொண்டிருந்தன. ஒன்றை எடுத்து, அட்டையோடு முதல் அத்தியாயத்தை நகலெடுத்து இணைத்துவிட்டாள். கண்காணிப்பாளர் பக்கங்களை எண்ணினார், விதியைப் பார்த்தார், முத்திரை குத்தினார். யாருடைய நூல் என்று அவர் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி விதி இல்லை.

எடை நாளன்று சபை கூடியது. மையத்தின் ஆட்சிக்குழு மேடையில், பாதிக்கப்பட்டவர்கள் கீழே. பாதிக்கப்பட்டவர்கள் மட்டும் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். ஜன்னலில் தொங்கியவர்களை நான் சேர்க்கவில்லை. இயக்குநர் நாற்பது நிமிடம் பேசினார்.

"ஆணின் எழுத்து மலை, பெண்ணின் எழுத்து நதி! மலை நதியாக முடியுமா? இந்தத் தராசு இதுவரை தவறியதில்லை. தவறவும் தவறாது. என் பெயரையும் என் பதவியையும் பணயம் வைத்துச் சொல்கிறேன்!"

கைதட்டினார்கள். போர்வை எடுக்கப்பட்டது. எல்லோரும் நின்றார்கள். உதவியாளர் தாள்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டாள்.

மணி அடித்தது. ஒன்று. சற்றுப் பொறுத்து, இரண்டு.

தன் வாழ்நாளிலேயே அந்தத் தராசு சரியாகச் சொன்னது அந்த ஒரு முறைதான்.

கண்காணிப்பாளர் சீட்டை உரக்க வாசித்தார். "எழுதியவர் பெண். வயது இருபத்தைந்து. நூலின் பெயர்..." வாசித்தார். "ஆசிரியர் பெயர்..." வாசிக்கவில்லை.

பெரிய சிஸ்டர் கையைத் தூக்கினாள்.

"சார், ரொம்ப நேரம் எடுத்துக்க மாட்டேன். தராசு சரின்னா, இந்தப் புத்தகத்தை இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு ஒருத்தி எழுதியிருக்கா. அவ யாருன்னு சொல்லுங்க. புத்தகத்தை நீங்களே எழுதினீங்கன்னா, தராசு தப்பு. எங்க முடிவைக் குடுங்க. எது சார்?"

இயக்குநர் தராசைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். உதவியாளரைப் பார்த்தார், அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. தராசு பொய் என்றால் மையம் போச்சு. நூல் தன்னுடையதல்ல என்றால் மானம் போச்சு. மூன்று டாக்டர் பட்டங்களும் சேர்ந்து ஒன்றே முக்கால் நிமிடம் யோசித்தன. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தோன்றாத பதில் ஒன்று அவருக்குத் தோன்றியது.

மீசையை நீவிக்கொண்டு எழுந்தார். "நூலை எழுதியது நான்தான். தராசும் சரிதான்."

"அப்படின்னா?"

"அப்படின்னா... தராசு சொல்ற ஆள் நான்தான்."

"இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு?" ஜன்னலில் தொங்கிய ஒருவன் கேட்டான்.

"அறிவியல் அப்படிச் சொன்னால், ஆமாம், நான் அதுதான்!"

பெருமையாகத்தான் சொன்னார். கைதட்டல் வரும் என்றுகூட ஒரு கணம் காத்திருந்தார். அதற்குள் கண்காணிப்பாளர் முத்திரை குத்திவிட்டார். சபையில் தராசும் சொல்லி, ஆளும் ஒப்புக்கொண்டால் அன்றே பதிவு. பிறகு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம், சொந்தக் குழந்தைக்குத் தன் கையாலேயே கசப்பு மருந்து கொடுக்கிறவர் முகம் மாதிரி ஆனது.

"அம்மா," என்றார் இயக்குநரைப் பார்த்து.

"யாரை?"

"உங்களைத்தான்மா. இயக்குநர் பதவிக்குக் குறைஞ்ச வயசு நாப்பத்தஞ்சு. உங்களுக்கு இருபத்தஞ்சுதான் ஆகுது. நீங்க அந்த நாற்காலியில உக்காந்ததே செல்லாது. அப்ப நீங்க கையெழுத்துப் போட்ட எந்த உத்தரவும் செல்லாது." எண்ணிப் பார்த்தார். "அறுநூத்துப் பன்னிரண்டு உத்தரவு."

மண்டபம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது. கூடைப்பந்துக்காரி குண்டனைத் தூக்கிச் சுற்றினாள். தையல்காரர் வழக்கம்போல் அழுதார். அன்றைக்கு யாரும் அதை நிறுக்கவில்லை. முடிவுகள் அன்று மாலையே வெளிவந்தன. ஆங்கிலக் கட்டுரையில் பெரிய சிஸ்டருக்கு நூற்றுக்கு எண்பத்தொன்று. மாதம் முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது.

ஆட்சிக்குழு மையத்தின் பொறுப்பை உதவியாளரிடம் கொடுத்தது. அங்கே நடப்பது என்னவென்று தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை. அவள் முதல் வேலையாகத் தராசின் பிளக்கைப் பிடுங்கினாள். இரண்டாவதாக இரும்புச்சத்து மாத்திரை ஒன்றை விழுங்கினாள். முன்னாள் இயக்குநர் தன் பதிவைத் திருத்தக் கேட்டு மனு கொடுத்தார். கண்காணிப்பாளர் பொறுமையாக விளக்கினார்: உங்கள் பதிவு உங்கள் உத்தரவால் ஏறியதில்லை, சபையில் ஏறியது, அதனால் செல்லும். திருத்த வேண்டுமானால் மறுபடி எழுதி நிறுக்க வேண்டும். தராசு ஓடவில்லை. என்றைக்கு ஓடும் என்று விதியில் இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் கம்பவுண்டர், "கதை ஜோரா இருக்கு சிஸ்டர். சீட்டு?" என்றார்.

பயிற்சிப் பள்ளி நாற்காலிக்குப் போகும் முன், ஐந்தாம் வார்டில் பெரிய சிஸ்டரின் கடைசி வாரம். காலையில் மருந்து ஜன்னல் முன் கூட்டம் நெரிந்தது. இடப்பக்கம் ஆண்கள் வரிசை, வலப்பக்கம் பெண்கள் வரிசை. ஆண்கள் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மீசைக்காரர் ஒருவர் ஜன்னலை அடைந்தார். ரத்த அழுத்தத்துக்கு டாக்டர் எழுதிய சீட்டையும், பல்கலைக்கழக மருத்துவ அட்டையையும் உள்ளே நீட்டினார்.

கம்பவுண்டர் அட்டையைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"இது உங்க அட்டையா?"

"என்னோடதுதான்."

"பெண், இருபத்தஞ்சுன்னு இருக்கு."

"அது... ஒரு ஆய்வு முடிவு. நீங்க என்னைப் பாத்தா தெரியலையா?"

"பாத்து மருந்து குடுக்கிற வழக்கம் இங்க இல்லைங்க. சீட்டைப் பாத்துத்தான்." உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "சிஸ்டர்! கொஞ்சம் வாங்க."

பெரிய சிஸ்டர் வந்தாள். முன்னாள் இயக்குநரின் முகத்தில் முதல் முறையாக ஒரு கெஞ்சல் தெரிந்தது.

"அம்மா, நீங்க சொல்லுங்க. நான் ஆம்பளதானே? மன்னிக்கணும், ஒருவேளை அன்னிக்கு நான் உங்க மனசு நோகும்படி..."

"கண்ணால பாத்ததை மட்டும்தான் நான் சொல்வேன் சார். சபையில நீங்க எழுந்து நின்னீங்க. 'நான் அதுதான்'னு சொன்னீங்க. முத்திரை குத்தினாங்க. பாத்தேன்." அவர் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். "நாடி தொண்ணூத்தாறு. படபடப்பு வேண்டாம். தண்ணி குடிச்சிட்டு நில்லுங்க."

கம்பவுண்டர் அட்டையையும் சீட்டையும் வெளியே நீட்டி, விரலால் வலப்பக்கத்தைக் காட்டினார்.

"அந்த வரிசைம்மா. கடைசியில போய் நில்லுங்க."

அவர் போனார். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். கம்பவுண்டர் அந்த வரிசையின் கடைசியையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்றவர்கள் ஜன்னலைத் தட்டத் தொடங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நடந்திருக்கு, சிஸ்டர்."